ஓடாத வண்டிக்கும் மதிப்பெண் வேண்டும்: இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக இளநிலை இயற்பியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். பாடத்திட்டத்தைத் தாங்கள் திருத்தவிருக்கும் இவ்வேளையில், செய்முறைத் தாள் ஒன்றைக் குறித்த என் வேண்டுகோளைப் பொதுவில் வைக்கிறேன். இதைத் தனி மடலாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் ஆசிரியர்கள் நம் வட்டாரத்தில் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். அவர்களும் பார்க்கட்டும் என்றே திறந்த மடலாக எழுதுகிறேன்.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் செமஸ்டர் செய்முறைத் தாளில் உள்ள சோதனைகளில் நான்கைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு செயல்திட்டத்தை வையுங்கள். மூன்று பேர் கொண்ட குழுவாக மாணவர்கள் ஒரு சிறிய ரோபோ வண்டியைக் கட்ட வேண்டும். அதன் இயக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதித் தர வேண்டும். பிறகு ஓட்டிப் பார்த்து, கணக்குக்கும் வண்டிக்கும் இடையே வந்த வேறுபாட்டை விளக்க வேண்டும். மதிப்பெண்ணில் மிகப் பெரிய பங்கு அந்த விளக்கத்துக்கே சேர வேண்டும். வண்டி ஓடியதா என்பதற்குச் சிறு பங்கு போதும். மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் இந்தக் கடைசி நிபந்தனையை மட்டும் தளர்த்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைத் தளர்த்திவிட்டால் இத்திட்டத்தைக் கொண்டுவராமலே இருப்பது மேல்.

இப்போதுள்ள ஆய்வகத்தைக் குறை கூறுவது என் நோக்கமில்லை. நிறமாலைமானியில் பாதரச விளக்கின் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருவதைப் பார்க்கும் மாணவியின் முகத்தையும், நியூட்டன் வளையங்களை முதன்முதலாகக் கண்டுவிட்ட மாணவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவதையும் ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். அவற்றில் கைவைக்க வேண்டாம். ஆனால் சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் (ஒரு பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கத்திமுனைகளின்மேல் ஒரு மீட்டர் அளவுகோல், நடுவில் எடைக்கொக்கி, முன்னால் நகரும் நுண்ணோக்கி. வர வேண்டிய மதிப்பு மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அது வராவிட்டால், வாசிப்பின் கடைசி இலக்கம் மெல்ல மாறிக்கொள்ளும். நான் மாணவனாக இருந்தபோது மாற்றியிருக்கிறேன். தங்களில் சிலரும் மாற்றியிருப்பீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். விடை முன்பே தெரிந்த சோதனையில் பிழையை மறைக்கத்தான் தோன்றுமே தவிர, அதைத் தோண்டிப் பார்க்கத் தோன்றாது. கடைசிப் பக்கத்தில் பிழைக்கான காரணங்கள் என்று எழுதப்படும் இரண்டு வரிகளும், காற்றோட்டம், பார்வைப் பிழை என்று, ஒரு தலைமுறையின் கையெழுத்திலிருந்து அடுத்த தலைமுறையின் கையெழுத்துக்கு மாறாமல் இறங்கி வருபவை.

குறைக்க வேண்டிய நான்கு எவை என்பதைக் குழுவே முடிவு செய்யலாம். 1976-இல் சந்தைக்கு வந்த 8085 நுண்செயலியின் பயிற்சிப் பெட்டியில் பதினாறடிமான எண்களைத் தட்டி இரண்டு எண்களைக் கூட்டும் பயிற்சி இன்னும் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அதிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மதிப்பெண் எதுவும் இல்லாமல், வகுப்பு நேரம் முடிந்த பிறகு இந்த முயற்சியைத் தொடங்கினோம். முதல் ஆண்டு தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பல்சக்கரப் பெட்டியோடு வரும் மோட்டார் இரண்டு, நிரலை ஏற்றி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகையான அர்டுயினோ யூனோ ஒன்று, அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் தரும் எல்298என் இயக்கி ஒன்று, சென்சார்கள், அக்ரிலிக் அடித்தட்டு ஆகியவற்றை வாங்கிக் கொடுத்து, கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் வண்டிகளுக்கு ஒரு போட்டி வைத்தோம். பெரும்பாலான குழுக்கள் நிரலை இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஏற்றின. வண்டிகள் நன்றாகவே ஓடின. கைதட்டலும் பரிசும் இருந்தன. பரிசு பெற்ற குழுவிடம், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினால் மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் கூடுமா, குறையுமா என்று கேட்டேன். மூவரும் ஒரே குரலில் குறையும் என்றார்கள். மோட்டார்தான் சுற்றவில்லையே, பிறகு அதற்கு எதற்கு மின்னோட்டம் என்பது அவர்களின் வாதம். பின் மின்னியக்கு விசை பற்றிய ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அதே மூவரும் முந்தைய செமஸ்டரில் முழு விடை எழுதியவர்கள். சுழலும் மோட்டாரே தன் சுழற்சியால் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது என்பதும், நின்றுபோன மோட்டாரில் அந்தத் தடுப்பு இல்லாததால் சுருளின் மின்தடை மட்டுமே மிஞ்சுகிறது என்பதும், விடைத்தாளில் இருந்து கைக்கு இறங்கவில்லை. ஒரு மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்துச் சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னேன். எண் ஏறுவதைப் பார்த்த பிறகு அங்கே கொஞ்ச நேரம் பேச்சில்லை.

அடுத்த ஆண்டு போட்டியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக ஒரு விதி வைத்தோம். வண்டியைத் தொடுவதற்கு முன், அது என்ன செய்யும் என்பதை எண்ணாகக் கணக்கிட்டு, தாளில் எழுதி, தேதியிட்டு, மூவரும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த தாளைத் திரும்ப வாங்கித் திருத்த முடியாது. பிறகு அளந்து பார்த்து, இரண்டு எண்களும் எங்கே பிரிந்தன, எதனால் பிரிந்தன என்று எழுத வேண்டும். இந்தப் பகுதிக்கு மாணவர்களே வைத்த பெயர் வித்தியாசக் கணக்கு. பேரேட்டில் வரவும் இருப்பும் ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசம் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கும்வரை விளக்கை அணைக்காத கணக்கப்பிள்ளைகள் இருந்த ஊர் என்பதால், அந்தப் பெயரின் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு குழுவின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அந்தக் குழுவில் ஒரு மாணவியின் தந்தை தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் கொட்டகையில் வேலை செய்பவர். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறப்போட்டுக் காயவைக்கும் அந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. நம் வீடுகளின் பட்டாலையில் ஈரக் காலோடு நடந்து சறுக்காதவர் யாரும் இருக்க முடியாது. அந்த மாணவி வீட்டிலிருந்து நான்கு கற்களைக் கொண்டுவந்து ஒரு பலகையில் ஒட்டி, எத்தனை பாகை சரிவுவரை எங்கள் வண்டி இந்தக் கல்லில் ஏறும் என்பதைக் கணக்கிடுகிறோம் என்றார்.

முதலில், ரப்பர் கல்லை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதைக் காட்டும் உராய்வுக் கெழுவைக் கண்டார்கள். சக்கரத்தின் ரப்பர் வளையங்களைக் கழற்றி ஒரு மரக்கட்டையின் அடியில் ஒட்டி, அதைக் கல்லின்மேல் வைத்துப் பலகையை மெல்லத் தூக்கினார்கள். 19 பாகையில் கட்டை வழுக்கியது. வழுக்கும் கோணத்தின் டேன்ஜென்ட்தான் கெழு; 19 பாகைக்கு அது ஏறத்தாழ 0.34. சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் இதே கட்டை 33 பாகைவரை நின்றது. அங்கே கெழு 0.65. ஆகவே வண்டி ஆத்தங்குடிக் கல்லில் 19 பாகைவரை ஏறும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மோட்டாரின் முறுக்குவிசை அதற்குப் போதும் என்பதையும் தனியாகச் சரிபார்த்திருந்தார்கள்.

வண்டி பன்னிரண்டரைப் பாகையில் நின்றுவிட்டது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. ரப்பர் கல்லில் தேயும் கீச்சொலி மட்டும் கேட்டது. கல்லைத் துடைத்தார்கள், பேட்டரியை மாற்றினார்கள், நிரலில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டரை மாறவில்லை. இரண்டாம் வாரத்தில், அந்த வாரத்துக்கு எதிர்க்கேள்வி கேட்கும் பொறுப்பில் இருந்த மாணவர், வண்டியின் எடை முழுவதையும் ஓட்டும் சக்கரங்கள்தான் தாங்குகின்றனவா என்று கேட்டார். முன்பக்கம் தானாக உருளும் சிறிய உருளை ஒன்று இருக்கிறது. மோட்டார் அதைச் சுற்றுவதில்லை. விடுதிச் சமையற்கட்டிலிருந்து எடைக்கருவியை வாங்கிவந்து அந்த உருளையை மட்டும் அதன்மேல் வைத்தார்கள். வண்டியின் மொத்த எடை 620 கிராம். உருளை தாங்கியது 248 கிராம். ஓட்டும் சக்கரங்கள் தரையை அழுத்துவது எடையின் அறுபது விழுக்காட்டால் மட்டுமே என்றால், ஏறக்கூடிய சரிவின் டேன்ஜென்டும் 0.34-இல் அறுபது விழுக்காடாகிவிடும். கணக்கிட்டால் பதினொன்றரையைச் சற்றே தாண்டிய விடை வருகிறது.

நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அவர்கள் நிறுத்தவில்லை. 19 என்பது பன்னிரண்டரை ஆனதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் பதினொன்றரை ஏன் பன்னிரண்டரை ஆயிற்று என்று அந்த மாணவியே கேட்டார். சரிவில் நிற்கும்போது வண்டியின் பாரம் கொஞ்சம் பின்சக்கரங்களுக்கு நகர்கிறது. மேட்டில் ஏறும் மாட்டுவண்டியின் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எடை மையம் தரையிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. சக்கரங்களுக்கும் உருளைக்கும் இடையே 14 சென்டிமீட்டர். திருப்புத்திறன் சமன்பாட்டை எழுதி மறுபடி கணக்கிட்டபோது விடை பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முதல் ஆண்டில் அவர்கள் படித்த நிலையியல் பாடம் இது. அப்போது அதற்கு ஏணியும் சுவரும் கொண்ட ஒரு படம் இருந்தது. ஏணியில் ஏறிய மனிதனின் எடையைக் கேட்கும் வினாவும் இருந்தது. விடை எப்போதும் சரியாகவே வந்தது.

இன்னொரு குழுவின் வண்டி சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும். அதில் பொருத்தியிருந்த மீயொலி சென்சார் 40,000 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. மைக்ரோவினாடிகளில் வரும் அந்த நேரத்தை 58-ஆல் வகுத்தால் தொலைவு சென்டிமீட்டரில் கிடைக்கும் என்று எல்லா நிரல்களிலும் எழுதியிருக்கிறது. கானாடுகாத்தானில் ஒரு மாணவரின் வீட்டு வளவில் (முற்றத்தில்) வைத்துப் பார்த்தார்கள். நாடாவால் அளந்த சரியான 2 மீட்டர் தொலைவுக்குக் காலையில் சென்சார் 199 என்றது. பிற்பகல் மூன்று மணிக்கு 195 என்றது. சுவர் நகரவில்லை, வண்டியும் நகரவில்லை. சென்சார் கெட்டுவிட்டது, வேறு வாங்கித் தாருங்கள் என்று கேட்டு வந்தார்கள். வேறு வாங்கித் தந்தேன். அதுவும் 195 என்றது.

காற்றில் ஒலியின் திசைவேகம் பூஜ்ஜியம் பாகை செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர்; ஒவ்வொரு பாகைக்கும் அது 0.6 மீட்டர் கூடுகிறது. இது அவர்கள் பாடநூலில் உண்டு. 58 என்ற எண்ணுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் என்ற ஒரே வேகம் ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நானும் அதுவரை யோசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பங்குனி வெயிலில் வளவின் காற்று 38 பாகையில் இருந்தபோது ஒலி நொடிக்கு 354 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்பியிருக்கிறது. சீக்கிரம் திரும்பியதால் சுவர் பக்கத்தில் இருப்பதாகச் சென்சார் சொல்லியிருக்கிறது. கணக்கு 195-ஐ அப்படியே தந்தது. அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு வியப்பு. தொலைவு தெரிந்திருந்தால் வெப்பநிலையைக் கண்டுபிடிக்கலாமே என்று கணக்கைத் திருப்பிப் போட்டு, 2 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது ஏறத்தாழ மூன்று பாகை என்று கண்டு, அந்த வண்டியை ஒரு முரட்டு வெப்பமானியாக்கினார்கள். முதலில் எழுதிக் கொடுத்த தாளில் இப்படி ஒரு வெப்பமானி இல்லவே இல்லை.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், வண்டி புறப்படும் நொடியில் அர்டுயினோ பலகை அணைந்து மறுபடி தொடங்குவதை எல்லாக் குழுக்களும் கண்டன. பளு இல்லாதபோது 9.2 வோல்ட், 0.4 ஆம்பியர் எடுக்கும்போது 5.6 வோல்ட்; ஆகவே பேட்டரிக்குள்ளேயே இருக்கும் அக மின்தடை 9 ஓம். மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது மின்னோட்டம் இன்னும் கூடுவதால் மின்னழுத்தம் இன்னும் இறங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து அக மின்தடையைச் சூத்திரமாகச் சுமந்துவந்தவர்கள், அதை ஒரு தொல்லையாக முதன்முதலில் சந்தித்தது இங்கேதான். கறுப்பு மார்க்கர் பேனாவால் வரைந்த கோட்டை அகச்சிவப்பு சென்சார் காணாமல் போனதும், மின்வேலைக்காரர் சுற்றும் கறுப்பு டேப்பை ஒட்டியவுடன் கண்டுகொண்டதும் இதே வகை: கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில சாயங்கள் அகச்சிவப்பு ஒளியை உட்கவர்வதில்லை, டேப்பில் உள்ள கார்பன் உட்கவர்கிறது. நிறம் என்பது எந்த அலைநீளத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று ஒளியியலில் நான் ஒரு மணி நேரம் பேசியதைவிட இது நன்றாகப் பதிந்தது.

ஏன் குழுவாக, ஏன் மூன்று பேர் என்று கேட்பீர்கள். இது நான் கண்டுபிடித்ததன்று. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா ஹெல்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இயற்பியல் கணக்குகளைக் குழுவாகத் தீர்க்கச் செய்து 1992-இல் வெளியிட்ட ஆய்வுகளில், இருவர் குழுவில் எண்ணங்கள் போதாமல் போவதையும் நால்வர் குழுவில் ஒருவர் ஒதுங்கிக்கொள்வதையும் கண்டு, மூவரே பொருத்தம் என்றார்கள். வழிநடத்துபவர், எழுதிச் சரிபார்ப்பவர், ஐயம் எழுப்புபவர் என்று பொறுப்புகளையும் பிரித்துத் தந்தார்கள். நம்மூர்ச் செயல்திட்டங்களில் இருவர் உழைத்து ஐவர் பெயர் போடுவதைப் பார்த்துச் சலித்த எனக்கு இந்த எண் உடனே பிடித்துவிட்டது. ஐயம் எழுப்புவதை ஒரு பொறுப்பாகவே கொடுத்துவிட்டால், நண்பரை மறுத்துப் பேசுவதற்கு இருக்கும் கூச்சம் போய்விடுகிறது. உருளையின் எடையைக் கேட்ட மாணவர் இயல்பில் வாய் திறக்காதவர். அந்த வாரம் கேட்பது அவருடைய வேலையாக இருந்தது, அதனால் கேட்டார்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ள குழுக்களில், அந்தப் பெண்ணே மூவரில் கெட்டிக்காரராக இருந்தபோதும், அவர் சொல் எடுபடாமல் போனதைக் கண்டார்கள். எங்கள் ஆய்வகத்திலும் முதல் ஆண்டு முழுவதும் திருப்புளியும் பற்றவைப்புக் கோலும் மாணவர்கள் கையில் இருந்தன. மாணவிகள் ரெக்கார்டு எழுதினார்கள். எழுத்து அழகாக இருக்கும் என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லப்பட்டது. இப்போது பொறுப்புகள் வாரந்தோறும் கட்டாயமாக மாறுகின்றன. இந்த வாரம் பற்றவைத்தவர் அடுத்த வாரம் எழுதியாக வேண்டும். ஒரு மாணவி மட்டும் தனியாக அமையும் குழுவை இயன்றவரை தவிர்க்கிறோம். வழிகாட்டு நெறிகளில் இதைத் தாங்கள் ஒரு வரியாகவேனும் சேர்க்க வேண்டும்.

சான்று என்ன என்று கேட்கும் உறுப்பினர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1998-இல் ரிச்சர்டு ஹேக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 62 வகுப்புகளில் பயின்ற 6,542 மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். பாடம் தொடங்கும்போது தெரியாமலிருந்த இயக்கவியல் கருத்துகளில் எவ்வளவு பங்கைப் பாடம் முடிவதற்குள் கற்றார்கள் என்பதே அவர் எடுத்த அளவு. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் அது சராசரியாக 0.23, மாணவர்கள் கையாலும் வாயாலும் ஈடுபட்ட வகுப்புகளில் 0.48. அவர் ஆராய்ந்தது ரோபோ வகுப்புகளை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோபோவில் தனி மந்திரம் எதுவும் இருப்பதாக நான் வாதிடவில்லை. முன்கூட்டிச் சொல்வது, செய்து பார்ப்பது, ஒருவரோடொருவர் வாதிடுவது ஆகிய மூன்றுக்கும் இடம் தரும் மலிவான பொருள் இதுவாக இருக்கிறது. பொய் சொல்லாத பொருளாகவும் இருக்கிறது.

இது பொறியியல், இயற்பியலன்று என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். முதல் ஆண்டுப் போட்டிக்கு அந்த மறுப்பு முழுவதும் பொருந்தும். பன்னிரண்டரைப் பாகையைக் கண்ட பொறியாளர் பேட்டரியைப் பின்சக்கரத்தின்மேல் நகர்த்திப் பதினாறாக்கிவிடுவார். அது நல்ல வேலைதான். நம் மாணவர் அதை நகர்த்துவதற்கு முன் பன்னிரண்டரை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கேட்டு முடித்தபின் நகர்த்தினால் எனக்கு மறுப்பில்லை.

பணம் பெரிய தடையன்று. நாங்கள் வாங்கியபோது ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 1,600 ரூபாய் ஆயிற்று; அறுபது பேர் கொண்ட வகுப்புக்கு இருபது குழுக்கள் என்றால் 32,000 ரூபாய். அர்டுயினோ பலகையும் மோட்டாரும் அடுத்த ஆண்டுக்கும் உதவும். பள்ளிகளில் செய்து பார்த்துக் கற்கும் கூடங்களை அமைக்கும் ஒன்றிய அரசின் அடல் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய்வரை மானியம் தரப்பட்டிருக்கிறது; அத்தகைய பள்ளிகளில் இந்தப் பலகைகளைத் தொட்டுப் பழகிய பிள்ளைகள் நம் கல்லூரிக்கு வந்ததும், அவற்றை மூட்டைகட்டி வைத்துவிட்டு யங் குணகத்துக்குத் திரும்புகிறார்கள்.

ஆசிரியர் பளுதான் உண்மையான சிக்கல். இருபது குழுக்கள் இருபது விதமாகத் தவறும்போது ஓர் ஆசிரியரால் ஈடுகொடுக்க முடியாது. விடை தெரியாத கேள்விகள் நாள்தோறும் வரும். நிரல் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். நான் அதைக் கற்றுக்கொண்டது என் மாணவர் ஒருவரிடமிருந்து, நாற்பத்து நான்கு வயதில், அவர் பொறுமையாகவே சொல்லிக் கொடுத்தார். ஆகவே இந்தத் தாளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றும், அந்த நேரம் பணிநேரக் கணக்கில் சேரும் என்றும் பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஆர்வமுள்ளவர் தலையில் அது விழும். இரண்டு ஆண்டுகளில் அவரும் ஓய்ந்துவிடுவார்.

இனி மதிப்பீடு. எங்கள் கல்லூரியில் இந்த வேலையை ஒரு விருப்பச் செயல்திட்டமாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆண்டில், மதிப்பிட வந்திருந்த ஒருவர் ஒரு குழுவிடம் வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடவில்லை. மேசையிலிருந்து தரைக்கு இறக்கியபோது ஒரு கம்பி கழன்றிருந்தது. தேர்வுப் பதற்றத்தில் மூவருக்கும் அது தெரியவில்லை. அவர்கள் எழுதியிருந்த பதினோரு பக்க வித்தியாசக் கணக்கு திறக்கப்படவே இல்லை. 25-க்கு 9 மதிப்பெண். அடுத்து வந்த குழு நிரலையும் வடிவத்தையும் வெளியிலிருந்து வாங்கியிருந்தது, வண்டி வளைந்து நெளிந்து அழகாக ஓடியது, 23. வந்தவரைக் குறை கூற மாட்டேன். அவர் கையில் இருந்த மதிப்பீட்டுத் தாளில் செயல்படும் மாதிரி என்ற ஒரே தலைப்புத்தான் இருந்தது. அதற்கு அவர் நேர்மையாகவே மதிப்பெண் போட்டார். ஆனால் அந்த 9 மதிப்பெண் குழுவில் இருந்தவர்தான் எடைக்கருவியைச் சமையற்கட்டிலிருந்து தூக்கிவந்தவர். அன்று மாலை அவர் என்னிடம், அடுத்த வருஷம் நாங்களும் வாங்கிடலாமா சார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆகவே ஐம்பது மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம் என்று முன்மொழிகிறேன். தேதியிட்ட முன்கணிப்புக்கு 15; அது சரியாக வந்ததா என்று பார்க்காமல், எந்தக் கருதுகோள்களின்மேல் கட்டப்பட்டது என்பதைப் பார்த்துப் போட வேண்டும். வித்தியாசக் கணக்குக்கு 20. தனித்தனி வாய்மொழித் தேர்வுக்கு 10. குழுவின் எந்தப் பகுதியைப் பற்றியும் யாரிடமும் கேட்கலாம் என்றிருந்தால், பெயர் மட்டும் போட்டவர் அங்கே பிடிபடுவார். வண்டிக்கு 5. மூத்தவரின் ரெக்கார்டு இங்கே உதவாது என்பது கூடுதல் ஆதாயம். அவருடைய வண்டியில் உருளை தாங்கிய எடை 248 கிராமாக இருந்திருக்காது.

நம் வட்டாரத்துக்கு இது அன்னியமான யோசனை என்று யாரும் சொல்ல முடியாது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 முதல் அது நம் காரைக்குடியில் இருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரிகளை ஆராயும் அறிவியலாளர்களுக்கு அக மின்தடை அன்றாடப் பேச்சு. நம் மாணவர்கள் அதே ஊரில், மிதிவண்டி தூரத்தில் உட்கார்ந்து, அதை இரண்டு மதிப்பெண் வினாவாகப் படிக்கிறார்கள். செமஸ்டருக்கு ஒரு நாள் அங்கிருந்து ஓர் ஆய்வாளர் வந்து வித்தியாசக் கணக்குகளைப் படித்துப் பார்க்கும்படி பல்கலைக்கழகத்தின் வழியாகக் கேட்க முடியுமா என்பதையும் குழு யோசிக்கலாம். புதுவயல் அரிசி ஆலைகளில் மோட்டாரைப் பழுதுபார்ப்பவர்களையும் அழைக்கலாம் என்பது என் ஆசை. நின்றுபோன மோட்டார் ஏன் கருகுகிறது என்பதைச் சமன்பாடு இல்லாமலே அவர்கள் சொல்லிவிடுவார்கள். சமன்பாட்டை நம் மாணவர்கள் சொல்லட்டும்.

பாடத்திட்டக் குழு அடுத்து கூடும் நாளில், கூட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்துபோகுமாறு அழைக்கிறேன். ஆத்தங்குடிக் கல் ஒட்டிய பலகையும் பாகைமானியும் அங்கேயே இருக்கின்றன. வண்டி எத்தனை பாகையில் வழுக்கும் என்று தாங்கள் ஒவ்வொருவரும் முதலில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டியிருக்கும். இந்த ஆண்டு மாணவர்கள் பேட்டரியை இடம் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே பன்னிரண்டரை என்று எழுதிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.